கேள்வித் தொகை

பாம்பன் தெற்குவாடியில்
பத்தொன்பது வருஷம் மீன் ஏலம் விட்ட தொண்டை.
டீசல் எஞ்சின், காக்கா, ஐஸ் உடைக்கிற சம்மட்டி
எதுவும் அதை அமுக்கியதில்லை.
'கணவாய் கூடை ஆயிரத்து நூறு, ஒரு தரம்' என்றால்
பாலத்தில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான்.

கட்டியைக் கண்டுபிடித்தது சலூன் கருணாகரன்.
இடது தாடைக்குக் கீழே கத்தி நின்றது.
'வலிக்குதா இன்னாசி?'
வலிக்கவில்லை.
வலிக்காததால் ஒரு வருஷம் விட்டுவைத்தேன்.
கடலுக்குத் தடைக்காலம் வந்து போனது,
கட்டிக்குத் தடை ஏதும் இல்லை.

மதுரையில் சதை எடுத்துப் பார்த்து
நாக்கின் அடியில்தான் வேர் என்றார்கள்.
டாக்டர் வகிதா பேகம், பெரியபட்டினத்துக்காரர்,
தாளில் ஒரு தொண்டை வரைந்தார்.
எனக்கு அது வாய் பிளந்த விளமீனாகத் தெரிந்தது.
'பழைய கணக்குப்படி நாலாம் நிலை.'

பிரகாசி என் சட்டை நுனியைப் பிடித்தாள்.

'பொறுங்க. இது வைரஸால வந்த வகை.
மருந்துக்கும் கதிருக்கும் நல்லா இளகும்.
அதனால புத்தகத்தையே மாத்தி எழுதிட்டாங்க.
புதுக் கணக்குல உங்களுக்கு ரெண்டு.'

நாலு ரெண்டானது.
விலை இறங்கி நான் சந்தோஷப்பட்டது
அன்றைக்குத்தான்.

அப்புறம்தான் வயிறு கலங்கியது.
வைரஸ் எப்படி வரும் என்று இவள் கேட்டால்?
விலை கேட்பதற்கும் எங்கள் வாடியில் கேள்வி என்றுதான் பெயர்,
அதற்கெல்லாம் அசராதவன் நான்.

டாக்டரே முந்திக்கொண்டார்.
'உடம்பும் உடம்பும் சேர்ற இடத்துல வர்றது.
பாதிப் பேருக்கு மேல வந்து, தானா போயிரும்.
சிலர்கிட்ட தங்கிரும்.
எந்த வருஷம், யார்கிட்ட இருந்து,
எந்த டெஸ்டும் சொல்லாது.'
பிரகாசி ஜன்னலைப் பார்த்தாள்.
ஏசி பெட்டி மேல் ஒரு புறா, அவ்வளவுதான்.

'பீடி உண்டா?'

இது எனக்குத் தெரிந்த தொழில்.
அடிமட்டத்தில் ஆரம்பித்தேன்.
'எப்பவாச்சும். நாளைக்கு அஞ்சு.'
'பத்து' என்றாள் பிரகாசி, புறாவைப் பார்த்தபடி.
'விட்டு ரொம்ப நாளாச்சு டாக்டர்.'
'பதினஞ்சு.'
'ராத்திரி ஏலம் இருந்தா மட்டும்...'
'நாளைக்கு ஒரு கட்டு. முழுசா. இருபத்திரண்டு வருஷம்.
சவேரியான் கடைப் பற்று நோட்டு எங்கிட்ட இருக்கு.
போன வியாழக்கிழமை வரைக்கும்.'

ஒரு தரம்.
ரெண்டு தரம்.
பேனா அவள் கேட்ட தொகையை எழுதிக்கொண்டது.

'நிலை மாறாது, ரெண்டுதான்' என்றார் டாக்டர்.
'ஆனா புகைக்காத ஒருத்தரும் நீங்களும்
ஒரே கரையில கிளம்பினாலும்
உங்களுக்கு எதிர்க்காத்து.
அட்டவணையில புகைக்குக் கட்டம் கிடையாது.
உடம்பு தனி நோட்டு வச்சிருக்கு.
பாக்கெட்டுல இருக்கிறதை இப்பவே போடுங்க.'
நாலு இருந்தது. போட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் உச்சிப்புளி தாண்டி அவள் கேட்டாள்.
'மங்களூர் போட்டுல எத்தனை வருஷம் இருந்தே?'
'மூணு.'
ஒரு மாதம்கூடக் குறைக்கவில்லை.
அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.
மண்டபம் வந்ததும்
முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து
பாதியை என் மடியில் வைத்தாள்.

முப்பத்தைந்து நாள் கதிர், இன்று பத்தொன்பது.
முகத்துக்கு அளவெடுத்த வலை ஒன்றைப்
பலகையோடு சேர்த்து மாட்டுகிறார்கள்.
கண்ணி ரொம்பச் சின்னது.
கடலில் விரித்தால் அபராதம் போடுவார்கள்.

சாயங்காலம் ரெமிஜியூஸ் போன் செய்து
வாடிச் சத்தத்தைக் கேட்க வைப்பான்.
என் இடத்தில் இப்போது அவன்.
'சாவாளை எம்பது, ஒரு தரம்...'
மடையன், தொண்ணூறுக்குக் குறையாது.
திருத்த வாயைத் திறக்கிறேன்.
எச்சில் இல்லை, சத்தமும் இல்லை.
பிரகாசி போனைப் பிடுங்கி
தொண்ணூற்றைந்து என்கிறாள்.